எட்டாவது போல்ட்

எலிக்கை என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி சொல்வார்கள். எஞ்சினில் எந்த இடுக்காக இருந்தாலும் கையை விட்டுத் துழாவிக் கழற்றிவிடுவார் என்று வாலிபத்தில் ஒட்டிய பெயர். கையும் அப்போது அப்படித்தான் இருந்தது. இன்று மனைவியின் வேன் பானெட்டுக்குள் அதே கையை விட்டுக்கொண்டு அவர் யோசித்தது, எலி எப்போது பெருச்சாளி ஆனது என்பதைத்தான்.

"உள்ள போயிடுச்சா?" என்றாள் மனைவி. ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் குச்சியில் பொருத்திய வட்டக் கண்ணாடியுமாக எதிரே குனிந்திருந்தாள்.

"மணிக்கட்டு போயிடுச்சு."

"அப்ப விரல் எங்க இருக்கு?"

"அது அங்க போய்ச் சேந்தப்புறம் தகவல் சொல்லும். நீ கண்ணாடியை ஆட்டாம பிடி."

அவள் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்க்கூட்டம், அதாவது மேனிபோல்டு, எஞ்சினோடு சேரும் இடத்தில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் தகடு கிழிந்து, ஒரு வாரமாக வண்டி டிராக்டர் மாதிரிக் கத்தியது. பிள்ளைகள் "டிராக்டர் ஆன்ட்டி" என்று கூப்பிட ஆரம்பித்ததை அவள் பொறுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் வண்டிகளைக் கவனிக்கும் மேனேஜர் காலையில் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "சாயங்காலமும் இந்தச் சத்தத்தோட வந்தீங்கன்னா, நாளைலேர்ந்து உங்க ரூட்டுக்கு வேற வண்டி போட்டுடுவேன்மா."

அவள் தம்பிக்கு ரெண்டு தெரு தள்ளி பெரிய ஷெட் இருந்தது. எஞ்சினையே தூக்கிச் சாய்த்து வேலை செய்யும் வசதியும் இருந்தது. "வண்டியை இங்க அனுப்புங்க மாமா, உங்களால குனிய முடியாது" என்று போனில் சொன்னான். எலிக்கை கேட்பாரா? "அந்த போல்ட்டையெல்லாம் நானே கழட்டி மாட்டலேன்னா என் பேரை மாத்திக்கறேன் மச்சான்" என்று கத்திவிட்டு போனை வைத்தார். வைத்த பிறகுதான் தன் விரல்களைப் பார்த்தார். அதற்கு முன்பே பார்த்திருக்கலாம்.

மொத்தம் எட்டு போல்ட். தலைகள் எல்லாம் டிரைவர் பக்கத்துத் தகரச் சுவரைப் பார்த்திருந்தன. அவரோ எஞ்சினுக்கு இந்தப் பக்கம், போல்ட்டுகளின் முதுகுப் பக்கம். ஏழு போல்ட்டையும் கண்ணை மூடிக்கொண்டு, மனைவியோடு சண்டை போட்டபடியே, கைப்பழக்கத்தில் கழற்றிவிட்டார். எட்டாவதுதான் மூலையில் ஒளிந்திருந்தது. சரி, பார்த்தே கழற்றுவோம் என்று கண்ணாடி கேட்டார். வினை அங்கே ஆரம்பித்தது.

கண்ணாடியில் போல்ட் தலை தெளிவாகத் தெரிந்தது. மேலே அதன் பலத்தைச் சொல்லும் 8.8 என்ற முத்திரை. இடது பக்கம் திருப்பினால் கழலும், வலது பக்கம் திருப்பினால் இறுகும். ஸ்பேனரை மாட்டி, கண்ணாடியில் இடது பக்கம் போகிற மாதிரித் திருப்பினார்.

"அசையுது பாரு!"

"அசையுது."

"யாரு கை?"

"உங்க கைதான். இப்ப ஏன் நின்னுடுச்சு?"

"துரு. கொஞ்சம் எண்ணெய் விடு."

எண்ணெய் விட்டாள். மறுபடி திருப்பினார். நெற்றி நரம்பு புடைத்தது. போல்ட் கால் அரிசி அளவு நகர்ந்து அடம்பிடித்தது. "ஏழு பேரும் மரியாதையா வந்தாங்க. இவன் மட்டும் உங்க பக்கத்து ஆளு மாதிரி" என்றார்.

"எங்க பக்கத்து ஆளுங்க கூப்பிட்டா வருவாங்க. அங்க ஷெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

"அந்த இரும்புக் குழாயை எடு."

ஸ்பேனரின் வாலில் குழாயைச் செருகினால் பிடி நீளும், பலம் கூடும். தனக்கு வயது கூடியதை மறைக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கிறீச் என்றது.

"விட்டுக் கொடுக்குது, கேட்டியா?"

"நில்லுங்க."

"இன்னும் ஒரே இழுவை..."

"நில்லுங்கன்னேன்ல!"

நின்றார். அந்தக் குரலுக்கு முப்பது பிள்ளைகள் வாயை மூடுவார்கள், அவர் எம்மாத்திரம்.

"கண்ணாடியில பாத்தா திருப்புறீங்க?"

"வேற எதுல பாக்க? உள்ளங்கையிலயா?"

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடி தன் பக்கமும் அடிப்பாகம் அவர் பக்கமுமாகப் பிடித்தாள். "மூடி அந்த போல்ட்டு. நீங்க இப்ப நிக்கற மாதிரியே நில்லுங்க. நான் திறக்கறேன். உங்களுக்கு எந்தப் பக்கம் சுத்துது?"

மூடி சுற்றியது. அவள் இடது பக்கம்தான் திருப்பினாள். அவருக்கு அது வலது பக்கம் போனது.

"வலது..." என்றார். குரல் பாதியில் காற்றுப் போன டயர் ஆனது.

"கண்ணாடியும் வலதுன்னுதான் காட்டும். அதுல இடது பக்கம் போச்சுன்னா நிஜத்துல முறுக்கறீங்கன்னு அர்த்தம். நான் வண்டி கத்துக்கறப்போ கண்ணாடியை நம்பி கேட்டை இடிச்சேனே, ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? ஒரு வருஷம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கேட்டைக் காட்டிச் சிரித்தவர் அவர்தான்.

அத்தனை நேரமாகக் கழற்றவில்லை, முறுக்கியிருக்கிறார். எண்ணெய் விட்டு, குழாய் போட்டு, மூச்சுப் பிடித்து முறுக்கியிருக்கிறார். இன்னும் ஒரு இழுவை இழுத்திருந்தால் தலை தனியாக உடைந்து கையில் வந்திருக்கும். மிச்சம் எஞ்சினுக்குள்ளேயே தங்கியிருக்கும். ரூட் வேறு வண்டிக்குப் போயிருக்கும். அந்த முத்திரையாவது காட்டிக்கொடுத்திருக்கலாம். 8.8! நேரில் பார்த்தாலும் கண்ணாடியில் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிற சனியன்.

"உலகத்துலயே துருப்பிடிச்ச போல்ட்டை இவ்வளவு அழகா டைட் பண்ண மெக்கானிக் நான் ஒருத்தன்தான்" என்றார்.

"பெருமை அப்புறம். இப்பக் கழட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டார். கை சொன்ன பக்கம் திருப்பினார். சட்டென்று ஒரு சத்தத்தோடு எட்டாவது இளகியது. பிறகு வேலை ஓடியது. மேனிபோல்டை இறக்கி, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, புதியதை வைத்து, ஏழு போல்ட்டை மாட்டினார்.

எட்டாவதை மாட்ட முடியவில்லை. கழற்றும்போது ஸ்பேனர் மட்டும் எட்டினால் போதும். மாட்டும்போது விரல் நுனியால் போல்ட்டைப் பிடித்து, மரையில் நேராக உட்கார வைக்க வேண்டும். மூன்று முறை கீழே போட்டார். மூன்று முறையும் வண்டிக்கு அடியில் ஊர்ந்து தேடினார். மூன்றாவது முறை அங்கேயே படுத்துவிட்டார்.

"எந்திரிக்கற உத்தேசம் இருக்கா?"

"இங்கேர்ந்து பாத்தா உலகம் நல்லாத்தான் இருக்கு."

வளையல்கள் கழன்று பக்கத்து வாளிக்குள் விழும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வந்தபோது அவள் கை முழங்கை வரை உள்ளே இருந்தது. உரசலே இல்லை.

"மரை பிடிச்சுடுச்சு. எந்தப் பக்கம் திருப்ப? எங்க பக்கமா, உங்க பக்கமா?"

முப்பது வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவர் ஒழுங்காகப் பதில் சொன்னதே கிடையாது.

"உங்க பக்கம்தாம்மா சரி."

அவள் விரலாலேயே ஓட்டி முடித்தாள். கடைசி முறுக்கை மட்டும் அவர் போட்டார், குழாய் இல்லாமல். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் மெல்ல முனகியது. டிராக்டர் போய்விட்டது. அவள் வளையல்களை மாட்டிக்கொண்டு சீட்டில் ஏறினாள்.

போன் அடித்தது. தம்பி. அவரே எடுத்தார்.

"மாமா, என்ன ஆச்சு? பேரை மாத்தணுமா?"

"வேலை முடிஞ்சுது மச்சான். உங்க பக்கத்துலேர்ந்து ஒரு ஆள் வந்து உதவி பண்ணாங்க."

"நான் யாரையும் அனுப்பலையே?"

"உங்க அப்பா அனுப்பி வெச்சது."

அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "பேரு விஷயத்தை முடிச்சுட்டுப் போறேன். கழட்டினது யாரு?"

"நான்" என்றார் அவசரமாக.

"மாட்டினது?"

அவர் போல்ட் தேடுகிறவர் போலத் தரையைப் பார்த்தார்.

"அப்ப பாதிப் பாதி. கை என்னுது. எலியை நீங்களே வெச்சுக்குங்க."

வண்டி தெருமுனை திரும்பியது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை.