சட்டைப்பையில் ஒரு கூம்பு நத்தை

மெர்சியின் முனைவர் பட்ட ஆய்வு கூம்பு நத்தைகளைப் பற்றியது. கடலடியில் ஊர்ந்து, விஷப்பல்லால் இரையைக் குத்தித் தின்னும் குடும்பம் அது. அவள் கணவன் சாலமோன் கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் கிரேன் ஓட்டுகிறான். புதிதாகக் கல்யாணமானவர்கள். அவளுக்குப் பிடித்ததெல்லாம் தனக்கும் தெரிய வேண்டுமென்று சாப்பிடும்போது நத்தைக் கதை கேட்பான். அந்த நத்தைக் குடும்பத்தை ஆய்வாளர்கள் சிலர் பல குடும்பங்களாகப் பிரித்ததையும், மரபணுவைப் பார்த்து வேறு சிலர் மறுபடி ஒன்றாக்கியதையும் ஒருநாள் சொன்னாள்.

"பாகம் பிரிச்சிட்டு திரும்ப ஒண்ணா பொங்கித் துன்றாங்களா?" என்று சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காட்டுப்பள்ளிக் கடற்கரைக்குப் போனார்கள். மீனவர்கள் வலை உதறிய இடத்தில் மெர்சி வெறும் ஓடுகளைப் பொறுக்கினாள். திரும்பும் வழியில், மீஞ்சூர் ஸ்டேஷனில், உனக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன் என்று சாலமோன் சட்டைப்பைக்குள் கைவிடப் போனான். மஞ்சள் ஓட்டின் அகன்ற முனை எட்டிப் பார்த்தது. அது லேசாக அசைந்தது.

மெர்சி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய உள்ள உடாதீங்க. அது உசுரோட கீது."

அந்தக் குடும்பத்தில் ஆளையே சாய்க்கும் நத்தைகள் உண்டென்று அவள் சொல்லியிருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. துணியைத் துளைத்தும் குத்தும் என்பது அவளுக்குத் தெரியும். பை நெஞ்சை விட்டு விலகித் தொங்கும்படி அவனைக் குனியச் சொன்னாள். விஷப்பல் குறுகிய முனையிலிருந்துதான் நீளும் என்பதால், கைப்பையிலிருந்த இடுக்கியால் அகன்ற முனையைக் கவ்வி மெல்ல இழுத்து, நத்தையை டப்பாவில் போட்டு மூடினாள். அதற்குள் ரயில் வந்து போய்விட்டது.

பிறகுதான் ஓட்டை நிதானமாகப் பார்த்தாள். வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். மீன் தின்னும் கொடிய வகை அல்ல. பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

"புழு துன்ற வகைதான். பெருசா ஒண்ணும் ஆயிருக்காது."

"அப்புறம் ஏண்டி அழுவுற?"

"எடுக்கறப்போ அது எனக்குத் தெரியாதில்ல."

அவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். டப்பாவைப் பார்த்து, தண்ணீரில்லாமல் அது செத்துப்போகுமா என்று கேட்டான்.

ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பவும் கடலுக்குப் போனார்கள். மெர்சி நத்தையைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். சாலமோன் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, டப்பாவைத் தள்ளிப் பிடித்துச் சரித்தான். அவன் பயந்த தினுசைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடு சேரும்வரை, மீன் தின்னும் வகையை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவளும் சலிக்காமல் சொல்லிக்கொண்டு வந்தாள்.