விலாவில் ஒரு நீலத் திட்டு

"ஆரன் அடிண்ணே, நல்லா அடி!"

ஆட்டோக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருந்த கம்பியைத் தட்டினாள் புஷ்பா. குமணன்சாவடி சிக்னலில் லாரிகளுக்கு நடுவே வண்டி மாட்டிக்கொண்டிருந்தது. அவள் தோளில் சாய்ந்து, இடது மார்பைப் பிடித்தபடி கிடந்தான் அவள் கணவன் வேம்புலி.

குட்டியானை என்கிற சின்ன லாரியை ஓட்டி, கடை கடையாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். காலையில் குளிக்கும்போதுதான் பார்த்தான். இடது விலாவில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு. தொட்டால் உயிர் போகிற வலி. இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது என்று போன மாதம்தான் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே இதயம் வெடித்து ரத்தம் வெளியே கசிகிறது என்று முடிவே கட்டிவிட்டான்.

"நா போய்ட்டா வண்டிய வித்துடாத புஷ்பா."

"வாய மூடிகினு வா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் மைதிலி ஈ.சி.ஜி. தாளை இரண்டு முறை பார்த்தார்.

"மாரடைப்பு இல்லை. ஆனா துடிப்பு இன்னும் ஒழுங்குக்கு வரலை. இத்தனை மாத்திரை போட்டும் பிரஷர் இறங்க மாட்டேங்குது. எதுவோ உங்க இதயத்தைப் பாடாப் படுத்துது. அது என்னன்னு தெரியாம விட்டா இதயம் ஓய்ஞ்சு போயிடும். குறட்டை விடுவீங்களா?"

"கொறட்டலாம் கீது டாக்டரம்மா. மத்தபடி கட்ட மாரி தூங்குவேன். எழுந்தாதான் தல வலிக்கும். ஸ்டியரிங்ல கண்ணு சொக்கும்."

டாக்டர் நிமிர்ந்தார்.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா? சிலருக்குத் தொண்டை அடைச்சுக்கும். ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும், இதயம் பதறும். ராத்திரி முழுக்க இதே பாடுன்னா பிரஷர் ஏறும், துடிப்பு தடுமாறும். அதுக்கு வைத்தியம் இருக்கு. ஆனா தூங்கறவருக்கே அது தெரியாது. பக்கத்துல படுக்கறவங்கதான் சொல்லணும்."

புஷ்பா முந்தானை நுனியைத் திருகினாள்.

"இவளயா கேக்குறீங்க?" வலியிலும் வேம்புலிக்குச் சிரிப்பு வந்தது. "நல்லா கேட்டீங்க. பட்டப்பகல்லயே பாயப் போட்டுடுவா. எங்க தெருவுல இவ பேரே தூங்குமூஞ்சி!"

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் விரல் திட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

"இது அடிபட்ட காயம். ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரையால இவ்வளவு கன்னிப்போயிருக்கு. யாராவது குத்தினாங்களா?"

"என்னியா? மாங்காட்லேர்ந்து ஐயப்பன்தாங்கல் வரிக்கும் எவனுக்கு அந்த தில்லு கீது?"

"நாந்தான்."

வேம்புலி திரும்பினான். புஷ்பா கட்டைவிரலை மடக்கி, அதன் கணுவைக் காட்டினாள்.

"கொறட்ட நின்னா கூடவே மூச்சும் நின்னுடுது டாக்டரம்மா. பாத்துகினே இருப்பேன். வரலன்னா வெலாவுல ஒரு குத்து. 'ஹக்'குன்னு இழுத்துகினு திரும்பி வரும். வாயால சொன்னா பலிச்சிடுமோன்னு பயம். அதான் அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வேண்டிக்கினேன். முடியறவரிக்கும் யாராண்டயும் மூச்சு உடல."

வேம்புலியின் கை மார்பிலிருந்து நழுவி அவள் கையைத் தேடியது.

"ராவெல்லாம் முழிச்சிகினு கீறியா? அப்ப நீ எப்போதான்டி தூங்குவ?"

"நீ வண்டிய எட்த்துகினு போனப்பறம்."