கூட்டினால் எட்டு

எட்டு என்ற எண்ணுக்கும் செல்லக்கண்ணுவுக்கும் ஜென்மப் பகை. செல்போன் நம்பரைக் கூட்டினால் ஐந்து வர வேண்டும் என்று கடைக்காரரின் உயிரை வாங்கியவர் அவர். நல்ல நிலையில் விலைக்கு வந்த டிராக்டரை, நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று தட்டிக்கழித்துவிட்டு, ஐந்து வருகிற ஒரு பழைய குட்டியானை சரக்கு வண்டியை வாங்கினார். அந்த வண்டி குரும்பலூர் ரோட்டில் ஓடியதைவிட ஒர்க்‌ஷாப்பில் நின்றதுதான் அதிகம். அப்போதும் மனுஷனுக்குப் புத்தி வரவில்லை. "எட்டு வந்திருந்தா இன்னும் மோசமாயிருக்கும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்பேர்ப்பட்டவரிடம் போய் சைக்கிளை ஒப்படைத்தோமே என்று தமிழ்மொழி பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். என்ன செய்வது, அவர் அவளுடைய தாய்மாமன். அவள் வேலை பார்த்த பெரம்பலூர் ஜவுளிக்கடையில் தீபாவளி வியாபாரம் சூடுபிடித்திருந்தது. லீவு என்று வாயைத் திறக்க முடியாது. வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போய்வருகிற ஆள் மாமா ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் சைக்கிள் பந்தயம். பெண்களில் முதலாவதாக வருகிறவளுக்கு மட்டும் மாநிலப் பயிற்சி முகாமில் இடம். அடுத்த வருஷம் தமிழ்மொழிக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அதற்காகவே, பந்தயங்களில் ஓட்டி ஓய்ந்த ஆர்த்தி அக்கா தன்னுடைய நல்ல கிராங்கை அவளுக்குக் கொடுத்திருந்தாள். பல்சக்கரமும் பெடல் கைகளும் சேர்ந்த அந்த கிராங்க், இவள் சைக்கிளில் இருந்த நடு அச்சுக்குப் பொருந்தாது. கடைகளில் பிபி என்று சொல்கிற அந்த அச்சையும் திருச்சியில் வாங்கி மாற்ற வேண்டும். நூற்றேழு மில்லிமீட்டர் நீளம். அளவு மாறினால் செயின் கோணலாக ஓடும்.

"நூத்தியேழு மாமா. வேற எது குடுத்தாலும் வாங்கிடாதீங்க."

"ஏம்புள்ள, எனக்கென்ன காது கேக்காதா?"

காது நன்றாகத்தான் கேட்டது. கோளாறு அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

ஞாயிறு காலை, மெக்கானிக்கிடம் கொடுத்து எல்லாம் பூட்டிய சைக்கிளைப் பந்தய இடத்தில் குட்டியானையிலிருந்து மாமா இறக்கினார். ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் தொங்கியது. தமிழ்மொழி பின்னால் குனிந்து பார்த்தாள். முன் பல்சக்கரத்துப் பக்கம் போகப் போக செயின் வெளியே விலகி நின்றது.

"எந்த அளவு வாங்குனீங்க மாமா?"

"நூத்திப்பதிமூணு."

"நூத்தியேழுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"கூட்டிப் பாரு. ஒண்ணும் ஏழும் எட்டு. பந்தயத்துக்குப் போற புள்ளைக்குச் சனியனைப் பூட்டி அனுப்பச் சொல்றியா? இது கூட்டுனா அஞ்சு. ஒரு அரிசி நீளந்தான் கூட."

"கடைக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"ஒத்து வராதுன்னாரு. அவருக்கென்ன ஜாதகம் தெரியுமா?"

திரும்ப மாற்ற நேரமில்லை. அந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி அவர் மேலேயே எறியலாமா என்று வந்தது அவளுக்கு. எறியவில்லை. பெயர் கொடுத்து, நெஞ்சில் குத்திக்கொள்ள நம்பர் துணி வாங்கினாள். பதினேழு. அதைப் பார்த்ததும் மாமாவின் முகம் வெளுத்தது. ஓடிப்போய் அமைப்பாளரிடம் நம்பரை மாற்றித் தரச்சொல்லி மல்லுக்கு நின்றார். "பெரியவரே, கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க" என்று விரட்டிவிட்டார்கள்.

விசில் ஊதியது. தமிழ்மொழிக்கு நிலைமை தெளிவாகத் தெரிந்தது. உட்கார்ந்து நிதானமாக மிதித்தால் செயின் நிற்கும். எழுந்து நின்று அழுத்தினால் கழன்றுவிடும். எழுந்து நின்று அழுத்தாமல் கடைசி எல்லையில் எவளும் ஜெயித்ததில்லை.

சிமெண்டுத் தூசி படிந்த ரோட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். கரகரவென்று செயின் உரசிக்கொண்டே வந்தது. ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். கடைசித் திருப்பத்தில் ஜெயங்கொண்டத்துப் பெண் ஒருத்தி மட்டும் ஒரு சக்கரம் முன்னால் இருந்தாள். அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. இவளுக்குக் காலில் இன்னும் பலம் மிச்சமிருந்தது. எழுந்து நின்றாள். அழுத்தினாள்.

பெடல் சட்டென்று காற்றில் இறங்கியது. விழாமல் சமாளித்ததே பெரிய காரியம். தொங்குகிற செயினோடு, காலால் தரையை உந்தி எல்லைக் கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது நாலு பேர் முந்தியிருந்தார்கள். அவள் சாலையோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வலிமை இல்லாமல் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

மாமா வந்தார். ஆறுதல் சொல்ல வரவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல? பதினேழு! ஒண்ணும் ஏழும் எட்டு! அச்சுல நான் தடுத்தேன், அது துணியில வந்துருச்சு பாத்தியா!"

தமிழ்மொழி அழுகையை நிறுத்தி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். இந்த ஜென்மத்தில் இவருக்குப் புரியப் போவதில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளைத் தானே தூக்கிக் குட்டியானையில் போட்டுவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

மாமா சாவியைத் திருகினார். வண்டி இருமியது. மறுபடி திருகினார். அந்த இருமலும் நின்றுபோனது.

"கொஞ்சம் இறங்கித் தள்ளிவுடு புள்ள."

அவள் அசையவில்லை.

"எதுக்கு மாமா தள்ளணும்? நம்பரக் கூட்டுங்க. கிளம்பிடும்."