ஏரிக்கரை மைதானத்தில் ஏழு இன்னிங்ஸ்

2002-ம் வருஷம் மே மாதம், வெளியூரில் நடந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸில் இளவரசி மயங்கி விழுந்தாள்.

அவள் கேட்சர். பேட்டருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பிட்சர் எறிகிற பந்துகளைப் பிடிக்க வேண்டியவள். முகத்தில் இரும்புக்கம்பி மாஸ்க், நெஞ்சில் மெத்தை மாதிரி ஒரு கவசம், முழங்காலிலிருந்து பாதம் வரை கால்காப்பு கார்டு. கண் திறந்தபோது கோச் ஏசுதாஸ் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"தெம்பு இல்லாத பொண்ண கேட்சரா போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார், பக்கத்தில் இருந்த யாரிடமோ. அடுத்த ஆட்டத்திலிருந்து அணியில் இருந்த இன்னொரு பெண் சபாதான் கேட்சர். இளவரசி எக்ஸ்ட்ரா.

தெம்புக்குக் குறைச்சல் இல்லை. அன்று விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த மைதானத்தில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. குடித்தால் போக வேண்டி வரும். கூட ஆடிய பெண்கள் எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களில் யாரும் மாஸ்க்கும் கவசமும் போட்டுக்கொண்டு வெயிலில் குத்தவைத்து உட்காரவில்லை. இதையெல்லாம் ஒரு ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? யாரிடமும் சொல்லாமலே ஒரு வருஷம் போயிற்று.

இளவரசிக்கு ஊர் திருமுக்கூடல். அப்பா முத்துவேலும் அம்மா எல்லம்மாளும் ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார்கள். காஞ்சிபுரத்தில் பி.காம். இரண்டாம் வருஷம் முடித்திருந்தாள். 2003 மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் ஏரிக்கரை மைதானத்தில் செலக்‌ஷன் ஆட்டம் என்று சொல்லியிருந்தார்கள். அதில் தேறுகிறவர்கள் திண்டுக்கல்லில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். கல்லூரியில் கெஞ்சி, பழைய கவசத்தையும் மாஸ்க்கையும் லீவுக்கு வாங்கி வந்தாள்.

அவளுக்குத் தெரிந்து அந்தப் பக்கம் எந்த ஊரிலும் பேஸ்பால் ஆட ஆள் கிடையாது. தினமும் உச்சிவேளையில் கவசத்தை மாட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகையின் பின்சுவருக்கு எதிரே குத்தவைத்து உட்காருவாள். பந்தைச் சுவரில் எறிவாள். திரும்பி வருவதைப் பிடிப்பாள். மறுபடி எறிவாள். டிராக்டர் ஓட்டிக்கொண்டு போன கன்னியப்பன் ஒருநாள் வண்டியை நிறுத்திப் பார்த்தான்.

"இன்னா இளவரசி, செவுத்தோட சண்டையா?"

"பிராக்டீஸ்ண்ணா."

"எவனாவது வெயில்ல மண்டைய காயவச்சிக்கினு பிராக்டீஸ் பண்ணுவானா?" சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

முதல் வாரம் இருபது நிமிஷத்துக்குமேல் தாங்கவில்லை. தலை கிறுகிறுத்து, கொட்டகை நிழலில் மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள். இரண்டாவது வாரம் மல்லாட்டை பிடுங்க ஆட்கள் வந்தார்கள். அவளும் வரிசையில் நின்று பிடுங்கினாள். அந்தப் பெண்கள் காலை ஆறு மணியிலிருந்து குனிந்தபடியே வேலை செய்தார்கள். ஒருத்தியும் மயங்கி விழவில்லை. அரைமணிக்கு ஒருதரம் உப்புப் போட்ட மோரையோ கூழையோ குடித்தார்கள். போக வேண்டும் என்றால் இரண்டிரண்டு பேராகப் பனைமர வரிசைக்கு அந்தாண்டை போய் வந்தார்கள். மற்றவர்கள் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் ஒரு சொம்பு உப்புமோரோடு கொட்டகைக்குப் போனாள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இரண்டு மடக்கு குடித்தாள். துண்டை மோட்டார் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மூன்றாவது வாரம் ஒருமணி நேரம் அசையாமல் உட்கார முடிந்தது. அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அம்மாவிடம் சொன்னாள்.

"குந்திக்கினு இருந்ததுக்கா இவ்ளோ சந்தோஷம்?" என்றாள் எல்லம்மாள்.

செலக்‌ஷன் அன்று வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம்தான். மல்லாட்டை களத்தில் காய்ந்துகொண்டிருந்தது, அவளும் கூப்பிடவில்லை.

பத்து மணிக்கே ஏரிக்கரை மண் செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஏரியில் தண்ணீர் இல்லை. ஏசுதாஸ் ஒரு டிரம் நிறைய உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர் வைத்திருந்தார். பெண்கள் வந்து உதட்டை நனைத்துக்கொண்டு டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். இளவரசி இரண்டு டம்ளர் குடித்தாள். மூன்றாவது இன்னிங்ஸில் இனி அடக்க முடியாது என்றானபோது மைதானத்தைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் வெட்டவெளி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சைக் கதவு வைத்த வீடு இருந்தது.

கதவைத் தட்ட அவளுக்குக் கை வரவில்லை. இரண்டு முறை கையை இறக்கிவிட்டு மூன்றாவது முறை தட்டினாள். துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு ஒரு பெண் திறந்தாள்.

"யாரும்மா?"

"எதிர்ல மேட்ச் ஆடிக்கினு கீறோம்க்கா. அங்க..." என்று மைதானத்தைக் கையால் காட்டினாள்.

அந்தப் பெண் மைதானத்தைப் பார்த்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். "பின்னால கீது. வா" என்று வழிவிட்டாள். திரும்பி வந்தபோது வாளியில் தண்ணீர் வைத்திருந்தாள். "மூஞ்சி கழுவிக்கோ. தக்காளி மாதிரி செவந்து கீது" என்றாள். அவள் பெயர் நசீரா. புருஷனுக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. "எத்தினி வாட்டி வேணாலும் வா. கதவத் தாப்பா போட மாட்டேன்."

இளவரசி திரும்பி வந்து சபாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் அணி பேட்டிங் செய்துகொண்டிருந்தது.

"எதிர் வூட்ல கேட்டேன். விடறாங்க. நீயும் தண்ணி குடி, போய்ட்டு வரலாம்."

சபா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியாதவங்க வூட்லயா? எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா." தள்ளி உட்கார்ந்துகொண்டாள். கேட்சர் இடத்துக்கு இவள் ஆசைப்படுகிறாள் என்று நினைத்திருக்கலாம். ஆசை இல்லை என்று இளவரசியாலும் சொல்ல முடியாது.

ஐந்தாவது இன்னிங்ஸில் சபாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. எழ முடியாமல் மண்ணில் புரண்டு அழுதாள். நிழலுக்குத் தூக்கிப் போனார்கள். ஏசுதாஸ் தயங்கித்தான் கூப்பிட்டார். "இளவரசி, முடியுமா?"

"முடியும் சார்."

சபாவின் வியர்வையில் நனைந்திருந்த கவசத்தை மாட்டிக்கொண்டாள். மாஸ்க்குக்குள் மூச்சு கொதித்தது. கேட்சருக்குப் பக்கத்தில் பேச ஆள் கிடையாது. தன் அணிக்காரர்கள் எல்லாரும் தூரத்தில், எதிரே. பத்து பந்துக்கு ஒருமுறை அம்பயரிடம் நேரம் கேட்டு இரண்டு மடக்கு குடித்தாள். ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததும் ஒருதரம் ரோட்டைத் தாண்டிப் போய்வந்தாள். யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழாவது, கடைசி இன்னிங்ஸ். இவர்கள் ஒரு ரன் முன்னால். எதிரணியில் இரண்டு பேர் அவுட். இரண்டாவது பேஸில் ஒருத்தி நின்றாள். பேட்டர் அடித்த பந்து வலதுபக்கம் பறந்து மண்ணில் விழுந்தது. இரண்டாவது பேஸில் நின்றவள் மூன்றாவது பேஸைத் தாண்டி, கேட்சர் காக்கிற ஹோமுக்கு ஓடி வந்தாள். அங்கிருந்து எறிந்த பந்து ஒரு குதி குதித்து இளவரசியின் கிளவுஸுக்கு வந்த அதே நேரத்தில் அவளும் வந்து மோதினாள். இரண்டு பேரும் உருண்டார்கள். பந்து கிளவுஸுக்குள்ளேயே இருந்தது. அம்பயர் அவுட் என்று கையை உயர்த்தினார்; இவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

எல்லாரும் பிட்சரைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். இளவரசி தனியாக உட்கார்ந்து கால் கார்டின் வாரை அவிழ்த்தாள். ஏசுதாஸ் வந்து எதிரே நின்றார்.

"போன வருஷம் நாலாவது இன்னிங்ஸ்ல வுயுந்த. இப்ப இன்னா மாறிடுச்சி?"

அவள் வாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தண்ணி குடிச்சேன் சார். இங்க லேடீஸுக்குப் போக எடம் இல்ல. அதான் யாரும் குடிக்க மாட்டாங்க. நான் எதிர் வூட்ல கேட்டுப் போனேன்."

அவர் திரும்பி டிரம்மைப் பார்த்தார். முக்கால்வாசி தண்ணீர் அப்படியே இருந்தது.

"முன்னாடியே சொல்லி இருக்கலாமேம்மா."

"எப்டி சார் சொல்றது?"

அவர் ரோட்டைத் தாண்டிப் போய் அந்தப் பச்சைக் கதவுக்கு வெளியே நின்று நசீராவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துத் தபாலில் கார்டு வந்தது. அணியில் அவள் பெயர் இருந்தது. சபாவின் பெயர் இல்லை. இளவரசி வாசலில் நின்று இரண்டு முறை படித்தாள். சபாவுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று நினைத்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டாள். களத்துக்கு நடந்தாள். எல்லம்மாள் மல்லாட்டையைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, திண்டுக்கல்லுக்குப் போறேன். செலக்ட் ஆயிட்டேன்."

"எத்தினி நாளு?"

"நாலு நாளு."

"நம்மூருலேர்ந்து கூட யாரு வராங்க?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

எல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, பாத்துப் போய்ட்டு வா" என்றாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு மூலையிலிருந்து மல்லாட்டையைக் கூட்ட ஆரம்பித்தார்கள்.