சாட்சிகள் பார்க்க ஆடிய ஆட்டம்

அன்று பிற்பகல் கூடத்தில் இருந்தவர்கள் மாமனார், மாமியார், மூத்த மகன், அவன் மனைவியாகிய மருமகள், இளைய மகன், கடைக்குட்டி மகள். இந்த ஆறு பேரைத் தவிர ஈ காக்கை இல்லை.

சாப்பாட்டு மேசையில் நான்கு கணினிகள்; பெரியவர்கள் இருவரைத் தவிர மற்ற நால்வரும் ஆடுபவர்கள். நான்குக்கும் சேர்த்து இணைய இணைப்பு ஒன்றே. எதிரி, மருமகளின் பிறந்த வீடு; அங்கே அவள் அண்ணன் தலைமையில் நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். சுட்டு வீழ்த்தும் ஆட்டம். ஐந்து சுற்றில் மூன்றை எடுத்த வீடு ஜெயித்த வீடு.

போன முறை இவர்கள் தோற்றபோது அண்ணன், "அந்த வீட்டுக்குப் போனதும் நீயும் மந்தமாயிட்ட" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டான். மருமகள் ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுத் தருபவள். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தும் முகம் சுளிக்காதவள். அந்தச் சொல் மட்டும் முள்ளாய்த் தைத்துவிட்டது. அவளைச் சொன்னால் போகட்டும். புகுந்த வீட்டையும் சேர்த்தல்லவா சொன்னான்? அதை அவன் வாயாலேயே திரும்ப வாங்க வைக்க வேண்டும்.

முதல் இரண்டு சுற்றும் இவர்களுக்கே. மாமனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலை நரைத்தவர். சாட்சி இல்லாமல் சூரியன் உதித்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். "நாளைக்கு எவனும் திருட்டாட்டம்னு சொல்லக்கூடாது" என்று போனை அலமாரியில் சாய்த்து வைத்து, சொந்தபந்தம் அத்தனை பேரையும் வீடியோவில் கூப்பிட்டுவிட்டார்.

மூன்றாம் சுற்றில், திரையில் மருமகளின் ஆள் சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றான். மற்ற மூவரின் ஆட்களும் நின்றார்கள். நின்றவர்களைச் சுடுவது கஷ்டமா?

"என்ன பாப்பா, சுவத்துக்கு வெள்ளையடிக்கிறியா?" என்றது ஒலிபெருக்கியில் அண்ணன் குரல்.

நான்காவதும் போயிற்று.

"அண்ணி, நெட்டு பூரா அப்பா போனே குடிக்குது" என்றான் கொழுந்தன். போனின் சொந்த இணையத்துக்கு மாற்றலாமென்றால், கூடத்துக்குள் சிக்னல் எட்டாது.

மருமகள் எழுந்து வந்தாள். "மாமா, அந்த வீடியோவைக் கொஞ்சம் நிறுத்தினா..."

"தோக்குற நேரத்துல கதவைச் சாத்துனா ஊர் என்னம்மா பேசும்?"

"எதை நிறுத்தப் பாக்குறீங்க?" என்று போனிலிருந்து சின்ன அத்தை கேட்டேவிட்டாள்.

இனி நிறுத்தினால் மானம் போகும். நிறுத்தாவிட்டால் ஆட்டம் போகும். மருமகள் சற்று யோசித்தாள்.

"நீங்க மூணு பேரும் ஆஃப் பண்ணுங்க. நான் மட்டும் ஆடுறேன்."

"நாலு பேருக்கு நீ ஒருத்தியா?" என்றான் கணவன்.

"சிலையா நின்னு நாலு பேரும் சாகறதுக்கு, ஓடி ஒருத்தி சாகலாங்க."

மூன்று திரைகள் இருண்டன. கடைக்குட்டி மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கடைசியாக அணைத்தாள்.

மருமகளின் ஆள் இப்போது ஓடினான். மாடிப்படியில் ஒருவனைச் சாய்த்தாள். சன்னலோரம் இன்னொருவன். மூன்றாமவன் கதவைத் திறப்பதற்குள் விழுந்தான். "இடது பக்கம் பாரும்மா" என்று போனுக்குள் ஒரு கூட்டமே வழி சொன்னது.

"சாட்சிங்களைச் சும்மா இருக்கச் சொல்லுங்க, குழந்தை ஆடுது" என்று மாமியார் அதட்டினாள்.

மீதி அண்ணன் ஒருவன். இருவரும் ஒரே நொடியில் சுட்டார்கள். விழுந்தது மருமகள்.

அண்ணன் மெல்லச் சொன்னான்: "பாப்பா, தனியா வந்து மூணு பேரைத் தூக்கிட்டியே."

"மந்தம்னு சொன்னியே, அது?"

"தப்புதான். வாபஸ்."

"யாரைச் சொன்னதை?"

"உன்னையும் உன் வீட்டையும் சேர்த்துத்தான், தாயே."

மாமனார் போன் பக்கம் திரும்பி, "எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றார். கேட்டதாக ஒவ்வொருவரும் சொல்லும்வரை விடவில்லை.

கூடப் பிறந்தவனாயிற்றே என்று கடைசி ஆளை மருமகள் வேண்டுமென்றே விட்டுவிட்டதாகச் சொந்தத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. விடவில்லை. குறி தவறியது.