பத்தொன்பது அத்திமரங்கள் படுத்துக்கொண்ட விவரம்

எங்கள் தெருவின் அத்திமரங்கள் தாமாகவே பள்ளத்தில் படுத்துக்கொள்ளத் தொடங்கியது இரண்டாயிரத்துப் பதினான்காம் வருடம் நவம்பர் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, காலைத் தேநீருக்கும் மதியச் சோற்றுக்கும் நடுவில். அன்று மர்கிலான் சந்தையில் வெங்காயம் கிலோ தொள்ளாயிரம் சொம். முதலில் படுத்தது சனோபர் வீட்டு மரம். அதில் எங்களில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எங்கள் ஃபெர்கானா பள்ளத்தாக்கின் குளிரில் நின்றபடி இருக்கும் அத்தி, வசந்தத்தில் விறகாகத்தான் பயன்படும். அதனால் அக்டோபரில் பழம் ஓய்ந்ததும் பழுக்காத காய்களைப் பறித்துச் சர்க்கரைப் பாகில் போட்டுவிடுவோம். இலையை உருவி, கிளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, மரத்தைச் சாய்த்துப் பள்ளத்தில் கிடத்தி, நாணற்பாய் விரித்து, மண்ணால் மூடுவோம். ஓர் இலை ஒட்டியிருந்தாலும் உள்ளே அழுகல் பிடிக்கும். ஏப்ரலில் தோண்டி எழுப்புவோம். மரத்தைச் சாய்க்க மூன்று ஆண்கள் வேண்டும் என்பது வழக்கம். பெண்கள் இலை உருவலாம், பாய் முடையலாம், ஆண்களுக்குச் சமைத்துப் போடலாம். மண்ணைத் தொடக்கூடாது. எங்கள் பெண்கள் இறந்தவரின் பின்னால் மையவாடிக்குப் போவதில்லை. ஆகவே கிடத்திய எதன்மேலும் மண் போடுவது ஆணின் வேலை என்று ஆகிவிட்டது. எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எழுதாத சட்டத்தைத்தான் இந்தத் தெரு ஒழுங்காகக் கடைப்பிடிக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மண் போட்டவருக்கே மரம். அடுத்த வருடத்துப் பழமும் அவருக்கு, மரம் நிற்கும் நிலமும் அவருக்கு. கூலியாள் போட்டால் கூலி கொடுத்தவருக்கு. உதவிக்கு வந்தவர் ஒரு பிடி போட்டாலும் அவருக்கு ஒரு பங்கு. ஆகவே மண் விஷயத்தில் யாரும் யாருக்கும் உதவுவதில்லை.

சனோபரின் கணவன் எர்கின் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் ஏழு வருடம் ஆகியிருந்தது. அவனுடைய போன் அத்தி பூத்தாற்போல வரும். அந்தச் செப்டம்பரில் வந்த போனில் அவன் தலாக் என்று மூன்று முறை சொன்னான். லைன் சரியில்லாததால் நான்காம் முறையும் சொன்னான். சனோபர் அப்போது சந்தைக்காகப் பழங்களை இலைமேல் அடுக்கிக்கொண்டிருந்தாள். "சரி, கேட்டுது" என்று சொல்லிவிட்டு மீதியை அடுக்கி முடித்தாள். பழம் கனிந்திருந்தது, நாளைக்குத் தாங்காது.

ஏழு வருடமும் தம்பியின் பெயரில் ஆள் வைத்து மண் போட்டவன் எர்கினின் அண்ணன் சாபித். பஸ் நிலையத்துக்கு அருகே சிமெண்ட் கடை வைத்திருந்தான். இம்முறை தன் பெயருக்கே போட்டுக்கொள்வதென்று முடிவெடுத்து, நவம்பர் நடுவில் அதைச் சொல்லவும் வந்தான்.

"பழம் ஓயுற வரைக்கும் இருந்துட்டே. யாரும் உன்னை விரட்டலை. திங்கக்கிழமை ஆளோட வந்து மண்ணு போட்டுடறேன். அப்புறம் பொண்ணுங்க ரெண்டையும் கூட்டிக்கிட்டு உங்கப்பா வீட்டுக்குப் போயிடு."

"எங்கப்பா வீட்டுல அத்திமரம் இல்ல, மாமா."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. இங்க நானே மண்ணு போட்டுக்கிறேன்."

சாபித் தங்கப்பல் தெரியச் சிரித்தான். "ஒரு மரத்தைப் படுக்கவைக்க மூணு ஆம்பளை வேணும்மா."

"வருஷா வருஷம் பாத்திருக்கேன். அதுல ரெண்டு பேரு தேநீர்தான் குடிப்பாங்க."

வெள்ளியும் சனியும் அவள் தன் பத்தொன்பது மரங்களுக்கும் பள்ளங்களைச் சீராக்கினாள், இலையை உருவினாள், கிளைகளைக் கட்டினாள். அத்திப்பால் பட்டு முழங்கைவரை தோல் தடித்தது. செவ்வாய் இரவு கடும் உறைபனி என்று ரேடியோ சொல்லிவிட்டது. ஞாயிறன்று வாசல் மரத்தின் கழுத்தில் கயிற்றைப் போட்டு, தன் உடல் எடை முழுவதையும் கொடுத்து இழுத்தாள். மரம் பாதிவரை வந்து, அடியில் பிளந்தது.

பக்கத்து வீட்டு மஸ்தூரா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். ரொட்டி சுட்டு விற்பவள். தெருவில் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாமல் நடக்காது. "ஏண்டி, அதென்ன உன் புருஷனா, இந்த இழு இழுக்கற?"

"வந்து ஒரு கை பிடியேன்."

"பிடிப்பேன். கை சும்மா இருக்காது, ஒரு பிடி மண்ணையும் தள்ளிடுவேன். அப்புறம் மரம் பாதி எனக்கு, சண்டை முழுசா ரெண்டு பேருக்கும். ரொட்டி தரேன், தின்னுட்டு இழு."

ரொட்டியோடு பதினைந்து நாணற்பாய்களையும் சுவருக்கு மேலே தள்ளிவிட்டாள். சனோபர் பிளவில் கோதுமை மாவைப் பிசைந்து அப்பி, தன் தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள்.

திங்கள் காலை அவளுக்கு வந்தது அழுகையல்ல, கோபம். தண்ணீர் விட்டவள் நான், எறும்பை விரட்டியவள் நான், இலையை உருவிக் கை வெந்தவள் நான், படுப்பது மட்டும் மூன்று தடியன்களுக்கா என்று மரங்களைப் பார்த்து உரக்கக் கேட்டாள். பிறகு இரண்டாம் மரத்தின் பள்ளத்தில் இறங்கி மல்லாந்து படுத்தாள். தோண்டிய குழியில் உயிரோடு படுப்பதைவிடப் பெரிய அபசகுனம் எங்களிடம் இல்லை. மஸ்தூரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்துக்கங்க. இவ்வளவுதான் வேலை" என்றாள் சனோபர்.

மரம் படுத்தது. கயிறு நெறிபட்ட சத்தம் மட்டும் கேட்டது. அவள் காலை அதன் கிளைக்கடியிலிருந்து உருவிக்கொண்டு அடுத்த பள்ளத்துக்குப் போனாள். நான்கு பள்ளங்களில் படுத்துக் காட்ட வேண்டியிருந்தது; மற்றவை பார்த்துப் புரிந்துகொண்டன. பிளந்த மரம் கடைசியாக, கட்டுப் பிரியாமல் மெதுவாகப் படுத்தது. இதில் வியக்க ஒன்றுமில்லை. இத்தனை வருடம் அவை யார் சொல்லையும் கேட்காமல் இருந்ததற்குக் காரணம், யாரும் சொல்லாமல் இழுத்ததுதான்.

நண்பகலில் சாபித் மூன்று கூலியாட்களோடு வந்தான். தெருத் தகராறுகளைத் தீர்க்கும் ஐதராலியையும் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தான். அப்போது சனோபர் ஐந்தாம் மரத்துக்கு மண் போட்டுக்கொண்டிருந்தாள்.

"படுத்தா என்ன? வழக்கம் வழக்கம்தானே. மண்ணு போட்டவனுக்கு மரம்" என்று சாபித் மண்வெட்டியோடு மறுகோடிக்குப் போய், கடைசி மரத்தின்மேல் ஒரு வெட்டு மண் போட்டான். மரம் எழுந்து நின்றது. அவசரப்படவில்லை. மண் அவன் தொப்பியில் கொட்டியது. அடுத்ததற்குப் போனான். அதுவும் எழுந்தது.

"பெரிய மனுஷர் வந்திருக்கார்ல, மரியாதைக்கு எழுந்து நிக்குது" என்றாள் மஸ்தூரா.

கூலியாட்களில் மூத்தவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் கிடைக்குமா என்று கேட்டான். சனோபர் வந்து, எழுந்து நின்ற இரண்டையும் பார்த்து "படுங்க" என்றாள். படுத்தன.

ஐதராலி இரண்டு கிண்ணம் தேநீர் குடித்தார். "நாப்பத்தோரு வருஷமா இந்தத் தெருவுல பஞ்சாயத்துப் பண்றேன். மரத்தை ஒருத்தரும் கேட்டதில்ல. இப்ப அதுவே சொல்லிடுச்சு. எனக்கு வேலை மிச்சம்."

"பொம்பளை மண்ணு போடலாமா?" என்றான் சாபித்.

"போட்டுக்கிட்டிருக்காளே. உனக்குக் கண்ணு தெரியலையா?"

அந்த மதியமும் மறுநாள் முழுவதும் ஐந்து ஆண்கள் சுவரோரம் உட்கார்ந்து ஒரு பெண் மண் அள்ளுவதைப் பார்த்தார்கள். இந்தக் கதையில் நம்பமுடியாத பகுதி எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். செவ்வாய் சூரியன் சாயும்போது பத்தொன்பதாம் மரம் மூடப்பட்டது. அன்றிரவு குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு. ஏப்ரலில் பதினெட்டு மரங்கள் ஒரே காலையில் எழுந்தன. பிளந்தது ஒன்பது நாள் கழித்து எழுந்தது.

அடுத்த ஆண்டு பதினோரு வீடுகளில் மரங்கள் படுத்தன, அதற்கடுத்த ஆண்டு ஏறக்குறைய தெரு முழுவதும். இலையை உருவியவர் சொன்னால் மட்டும் படுக்கும் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தங்கள் மரம் தங்களுக்கே வேண்டுமென்ற ஆண்கள் இலை உருவக் கற்றுக்கொண்டார்கள். சாபித் இரண்டு இலையுதிர்காலம் இலையை அரைகுறையாக உருவிவிட்டுக் கையைச் சொறிந்துகொண்டு திரிந்தான். மூன்றாவதில் அவன் மரங்களும் படுத்தன.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது நவம்பரில் எர்கின் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தான். சனோபர் தேநீர் கொடுத்தாள், அத்திக்காய்ப் பாகும் கொடுத்தாள்.

"எல்லாம் வேணாம். அந்த வாசல் மரம் ஒண்ணுக்கு மட்டும் நான் மண்ணு போட்டுக்கறேன்" என்றான்.

"மண்வெட்டி அங்க இருக்கு. மரம் படுத்தா போடுங்க."

அவன் மரத்தடியில் நின்றான். படு என்றான், கண்ணு என்றான், கெஞ்சினான். தலைத்துணியின் முடிச்சு பட்டைக்குள் பாதி புதைந்திருந்தது. அது என்ன துணி என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்குள் சனோபர், முந்தின நாளே தொடங்கியிருந்த மற்ற பதினெட்டு மரங்களுக்கும் மண் போட்டு முடித்தாள். அவன் நாலரை மணி பஸ்ஸுக்குப் போனான்.

பஸ் கிளம்பிய சத்தம் கேட்டதும் அவள் வாசல் மரத்திடம் வந்து, "சரி" என்றாள். மரம் படுத்தது. பாயை விரித்தாள், மூச்சுக்கு ஒரு துளை விட்டாள், மண்ணால் மூடினாள். வெளிச்சம் மிச்சமிருந்தது. மண்வெட்டியைக் கழுவி வைத்தாள்.