வைதேஹி ஏற வேண்டிய கார்

பெண் பார்க்கப் போகிறவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். வரதுவுக்கு அந்த வித்தை தெரியாது. ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில், பெண்ணின் அப்பா ஸ்ரீனிவாசராகவன் வீட்டுக் கூடத்தில், தட்டில் வைத்த சொஜ்ஜியைப் பாதிகூடத் தின்று முடிக்கவில்லை. அதற்குள் தன் காரைப் பற்றி ஆரம்பித்துவிட்டான்.

மின்சார ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் காரா என்று யாரும் பயப்பட வேண்டாம். யுத்தத்துக்கு வெகு முன்னால் கப்பலில் வந்த அமெரிக்கக் கார் அது. உப்பிலியபுரம் பக்கத்து மிராசுதார் ஒருவர் அதை வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தி, கோழி அடைத்து வைத்திருந்தார். 'எடுத்துக்கொண்டு போனால் போதும்' என்று அவர் சொன்னதும் வரது எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கூரையைப் பின்னால் மடக்கிவிட்டால் திறந்த கார். அதில் உட்கார்ந்து போகும்போது தான் ஒரு பெரிய ஜமீன்தார் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

"கல்யாணம் ஆனதும் பொண்ணை இந்தக் கார்லதான் எங்காத்துக்கு அழைச்சிண்டு போவேன். காவேரிப் பாலத்துமேல, காத்தோட, எடமலைப்பட்டி புதூர் வரைக்கும்!" என்றான்.

அப்போது பெண் வாயைத் திறந்தாள்.

"அதுல நான் எப்படி ஏறுவேன்?"

பெண்ணின் பெயர் வைதேஹி. வயது இருபத்தாறு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்ன வயதில் வந்த ஜுரம் இடது காலில் இருந்த பலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நடையில் ஒரு சாய்ப்பு உண்டே தவிர, மேலச் சித்திர வீதி வரைக்கும் நடந்து போய்த்தான் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறாள். இதெல்லாம் வரது வீட்டுக்கு முன்கூட்டியே தெரியும். ஆனால் தெரிந்த விஷயத்தையும் காரையும் சேர்த்து யோசிக்க வரதுவுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வைதேஹி எழுந்து வாசலுக்குப் போனாள். பெண் பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் அவள் பின்னால் வந்தது. அவள் காரின் ஃபுட்போர்டு ஓரத்தில் கையை விரித்துச் சாண் வைத்துப் பார்த்தாள்.

"பதினஞ்சு அங்குலம் இருக்கு. நான் ஒன்பது அங்குலம் ஏறுவேன். அதுக்கு மேல அரை அங்குலம்கூட முடியாது. இறங்கறதுக்குக் கவலை இல்லை, எப்படியோ இறங்கிடுவேன். ஏறறதுதான்."

"ஒரு மணையைப் போட்டா ஏறிடறா, இதுக்கென்ன?" என்றாள் அவளுடைய அத்தை குமுதவல்லி.

"குதிரை வண்டில ஏற முக்காலி போட்டேளே, அத்தை! முக்காலி ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன்."

அத்தை உள்ளே காபி ஆறுகிறது என்று போய்விட்டாள். வைதேஹி வரதுவைப் பார்த்து நேராகச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை, ஆனால் விளையாட்டும் இல்லை. "அண்ணா கல்யாணத்துல எங்க மாமா என்னை அரிசி மூட்டையைத் தூக்கற மாதிரி தூக்கிக் கார்ல வச்சார். தெருவே நின்னு பார்த்தது. பாவம்னு ஒருத்தி கண்ணைத் தொடைச்சிண்டா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே நானா ஏறினா ஏறுவேன், இல்லேன்னா நடந்தே வருவேன்."

"நீயாவே ஏறுவே," என்றான் வரது.

"இன்னொண்ணு. தூக்கித் தூக்கிப் போடற வண்டி எனக்கு ஆகாது. இடுப்பு ரெண்டு நாள் எழுந்திருக்க விடாது."

"தாழவும் இருக்கும், தூக்கியும் போடாது. போதுமா?"

"வாக்கு குடுக்கறேளா?"

"குடுத்தாச்சு!"

காவிரிப் பாலத்தில் திரும்பி வரும்போதுதான் அவனுக்கு வியர்த்தது. காரைத் தாழ்த்துவது எப்படி என்று அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

பாலக்கரையில் ஷெட் வைத்திருந்த அமிர்தராஜ் கனத்த சரீரம், அதைவிடக் கனத்த வாய். வரது சொன்னதைக் கேட்டுவிட்டு, "இது ஒரு வேலையா சார்? இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தீங்க?" என்று காருக்கு அடியில் படுத்துவிட்டான்.

விஷயம் இதுதான். சக்கரத்து அச்சின் மேல் இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வில் மாதிரி வளைத்து ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். அந்த வில்லின் மேல் கார் உட்கார்ந்திருக்கிறது. அமிர்தராஜ் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ரெண்டு ரெண்டு பட்டையை உருவிப் போட்டான். கார் சொன்னபடி கேட்டு அழகாகக் கீழே உட்கார்ந்தது. வரது அளந்து பார்த்தான். சரியாக ஒன்பது அங்குலம். அமிர்தராஜைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு.

இரண்டு பேரும் லால்குடி ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். முதல் வாய்க்கால் பாலத்து மேட்டில் ஏறி இறங்கினதும் 'டமார்' என்றது. காரின் அடிச்சட்டம் அச்சில் போய் மோதியது. வரதுவின் மூக்குக் கண்ணாடி பின் சீட்டுக்குப் பறந்தது. அமிர்தராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டு வயலைப் பார்த்து ஏதோ சொன்னான். அதை இங்கே எழுத முடியாது.

"பட்டை கொறஞ்சா தாங்காது சார்," என்றான் அப்புறம்.

"அதை உருவறதுக்கு முன்னாடி சொல்லக்கூடாதாய்யா?"

"முன்னாடி எனக்கு மட்டும் தெரியுமா? நம்ம ஊர்ல காரை ஒசத்துங்கன்னு வருவாங்க. தாழ்த்துங்கன்னு வந்த மொத ஆள் நீங்கதான்!"

பட்டைகளை மறுபடி பூட்டினார்கள். கார் பழைய உயரத்துக்கு எழுந்து நின்று இருவரையும் பார்த்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. வரதுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு ஊஞ்சலில் காலைத் தரையில் உந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், சட்டென்று எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பாலக்கரைக்கு ஓடினான்.

"அமிர்தராஜ்! ஸ்பிரிங்கு அச்சுக்கு மேல உக்காந்திருக்கு, அதானே உயரம்? அதை அச்சுக்குக் கீழ தொங்க விட்டா? ஊஞ்சல் மாதிரி! பட்டை ஒண்ணுகூடக் குறைய வேண்டாமே!"

அமிர்தராஜ் சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். காருக்கு அடியில் குனிந்து பார்த்தான். 

"செய்யலாம் சார்," என்றான். "தாராளமாச் செய்யலாம். இது ஏன் எனக்குத் தோணல?"

அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. நீளமான போல்ட்டுகள் அடித்து வாங்கினான். பட்டைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அதையெல்லாம் பிரித்து, தேய்த்து, பட்டைக்குப் பட்டை கிரீஸ் தடவினான். தேய்ந்துபோன ரப்பரை எல்லாம் மாற்றினான். ஸ்பிரிங்கை அச்சுக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டதும், கையால் அழுத்தினால் கார் மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தது. லால்குடி ரோட்டில் அதே வாய்க்கால் மேட்டில் வரது மடியில் ஒரு கூஜா காபியோடு உட்கார்ந்து போனான். சொட்டு சிந்தவில்லை. திரும்பும்போது இரண்டு பேரும் அந்தக் காபியைக் குடித்துத் தீர்த்தார்கள்.

ஷெட்டுக்கு வந்து அளந்தால் பதினொரு அங்குலம்.

இன்னும் இரண்டு அங்குலம் வேண்டும். அமிர்தராஜ் தலையை ஆட்டிவிட்டான். "இதுக்கு மேல எறக்குனா டயர் மட்கார்டுல ஒரசும், மேட்டுல மறுபடியும் டமார்னு இடிக்கும். அம்மாவுக்கு இடுப்பு முக்கியம்னீங்கள்ல? வேணும்னா டயர்ல பாதிக் காத்தப் புடுங்கி விடட்டுமா?"

"பாதிக் காத்தோட பாலம் தாண்டுமா?"

"தாண்டாது. அப்ப தெருவுல நாலு பள்ளம் தோண்டி, சக்கரத்த எறக்கி நிறுத்திருவோம்."

"கல்யாண வாசல்லயா? எங்க மாமனார் அந்தப் பள்ளத்துலயே என்னைப் பொதைச்சுடுவார்!"

இரண்டு அங்குலம் என்பது விரல் அகலத்தில் மூன்று. அந்த மூன்று விரல் வரதுவின் தூக்கத்தைத் தின்றது. வைதேஹிக்குச் சொல்லியனுப்பலாம். என்னவென்று சொல்வது? வாக்கு தவறிவிட்டேன் என்றா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே மணையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

திருமாங்கல்யதாரணம் ஆயிற்று. அம்மி மிதிக்கிற கட்டம் வந்தது. மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் காலைப் பிடித்து அம்மிமேல் வைக்க வேண்டும். வரது குனிந்தபோது வைதேஹி மெல்லச் சொன்னாள்: "சாஸ்திரத்துக்காக இந்த ஒரு தடவைதான் விடறேன்."

ஹோமப் புகையில் அவனுக்குக் கண் கரித்தது. இனிமேல் மறைத்தால் மனுஷன் இல்லை என்று தோன்றியது. குனிந்தபடியே சொன்னான்: "வைதேஹி, கார் விஷயம். ரெண்டு அங்குலம் குறையலை. எவ்வளவோ பார்த்தேன். முடியலை."

சாஸ்திரிகள் மந்திரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.  அவன் கையில் இருந்த வைதேஹியின் பாதம் ஒரு கணம் விறைத்தது.

"பார்க்கலாம்," என்றாள்.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்படுகிற நேரம். கூரையை மடக்கிய கார் வாசலில் நின்றது. மூக்கில் மல்லிகைச் சரம். டிரைவர் அமிர்தராஜ், சலவைச் சட்டையும் ஜவ்வாது வாசனையுமாக. வடக்கு உத்திர வீதி மொத்தமும் வாசலுக்கு வந்திருந்தது. அந்த வீதிப் பிள்ளைகளுக்குக் கல்யாணக் கார் என்றால் உரிமைச் சொத்து மாதிரி. பெண் ஏறினதும் கும்பலாக ஏறிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்விட்டுத்தான் இறங்குவார்கள். ஒரு பட்டாளமே காரின் அந்தப் பக்கத்தில் தயாராக நின்றது.

வைதேஹி அரக்குக் கலர் மடிசாரில் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். இடது கையால் காரின் கதவைப் பிடித்தாள். வலது காலைத் தூக்கினாள். கட்டை விரல் ஃபுட்போர்டு விளிம்பில் உரசிவிட்டுக் கீழே வந்தது. பலமில்லாத இடது கால் அவளை அதற்கு மேல் உந்தித் தரவில்லை. மறுபடி தூக்கினாள். மறுபடியும் உரசியது.

 அவளுடைய மாமா அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"கிட்ட வராதேங்கோ, மாமா!" என்றாள் வைதேஹி. குரல் உடைந்திருந்தது. வரதுவுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவள் வாய் திறந்து கேட்ட ஒரே ஒரு விஷயம். அதைக்கூட அவனால் செய்ய முடியவில்லை.

இந்தப் பெரியவர்கள் சங்கடமெல்லாம் பிள்ளைகளுக்கு எங்கே தெரிகிறது? பெண் ஏறுவதற்கு இவ்வளவு நேரமா என்று பொறுமை போய்விட்டது. அந்தப் பக்கத்துக் கதவை ஒருத்தன் திறந்தான். அவ்வளவுதான், பட்டாளம் உள்ளே பாய்ந்தது. சீட்டில், தரையில், மடக்கி வைத்த கூரைமேல், ஒருவர் மடியில் ஒருவர். ஏறினவர்கள் பெண் ஏன் இன்னும் ஏறவில்லை என்று பார்க்க அவள் பக்கமாக வந்து குவிந்தார்கள்.

"இறங்குங்கோடா! கழுதைகளா, இறங்குங்கோ!" என்று ஸ்ரீனிவாசராகவன் கத்தினார். வரதுவும் விரட்டக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் கண் ஃபுட்போர்டில் இருந்தது.

கார் தாழ்ந்திருந்தது. கிரீஸ் போட்ட பட்டைகள் அத்தனை கனத்துக்கும் இதமாக அமுங்கி, வைதேஹி நின்ற பக்கமாகச் சாய்ந்து கொடுத்திருந்தன.

"இறங்காதேங்கோ!" என்று அலறினான் மாப்பிள்ளை. "ஒருத்தரும் இறங்கப்படாது! எல்லாரும் இந்தப் பக்கம் வாங்கோ! இன்னும் யாருடா பாக்கி? ஏறு, ஏறு!"

மாமனார் மாப்பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார். அமிர்தராஜுக்கு மட்டும் நொடியில் புரிந்தது. "அட ஆண்டவரே!" என்று டிரைவர் சீட்டிலிருந்து குதித்து, சுற்றி ஓடி வந்து, தன் கனத்த சரீரத்தைப் பெண் பக்கத்து மட்கார்டில் கொண்டுபோய் வைத்தான். கார் இன்னும் ஒரு விரல் இறங்கியது.

வைதேஹி குனிந்து பார்த்தாள். கணக்கு டீச்சர் கண்ணுக்கு அளவுகோல் வேண்டியிருக்கவில்லை. கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி வைத்தாள். பாதம் முழுசாக ஃபுட்போர்டில் பதிந்தது. ஒரு மூச்சு. உடம்பு மேலே எழுந்தது. இடது கால் தானாகப் பின்னால் வந்து சேர்ந்தது. உள்ளே இன்னும் ஒரு சின்னப் படி, அதையும் தாண்டினாள். பிள்ளைகள் நெருக்கித் தள்ளி அவளுக்குச் சீட்டில் இடம் விட்டார்கள். ஒரு மனிதரும் அவளைத் தொடவில்லை.

தெருவில் யாரோ 'பெருமாளே' என்றார்கள். குமுதவல்லி அத்தை சத்தமாகவே அழுதாள். வரதுவுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஹோமப் புகை என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, நடுத் தெருவில் புகைக்கு எங்கே போவது? மூக்கை உறிஞ்சிக்கொண்டு அசடு மாதிரி கீழேயே நின்றான்.

மேலே, அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில், வைதேஹி நிமிர்ந்து உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் கார் ஓரத்தில் சாய்ந்து, தெருவே பார்க்க, வளையல் குலுங்கக் கையை அவனிடம் நீட்டினாள்.

"ஏன் நின்னுண்டே இருக்கேள்? ஏறத் தெரியலையா? பிடிச்சிக்கோங்கோ, நான் தூக்கி விடறேன்."